தூங்குமூஞ்சிக்கு வந்த மார்க்கு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரைக் கொக்கு என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். அவருக்கும் சில மாதம் மறந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆள் ஒடிசல், கழுத்து நீளம், நின்றாலும் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டுதான் நிற்பார். யாரோ ஒரு குறும்புக்காரர் பார்த்தார், பெயர் வைத்தார், ஒட்டிக்கொண்டது. இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. உடம்பு பூசிவிட்டது. கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கொக்கு கொக்குதான்.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே இரும்பு ஏணியில் ஏற ஆரம்பித்துவிடுவார். நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். முன்பெல்லாம் நிற்காமல் ஏறுவார். அந்தப் பேச்சை எடுத்தால் ஏணியை மாற்றிவிட்டார்கள் என்று சாதிப்பார். மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடிகள், காலடியிலும் கண்ணாடி, ஒரு தண்ணீர் பாட்டில், முகம் துடைக்க ஒரு துண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே மனிதர்கள் தெரிய மாட்டார்கள், மஞ்சள் தொப்பிகள்தான் தெரியும். தொப்பி நகர்கிற நகர்ச்சியை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். கீழே சுமையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வாக்கி டாக்கியில் குரல் கொடுப்பது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. "தூக்குங்க மாமா" என்பான், தூக்குவார். "இறக்குங்க மாமா" என்பான். தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி இறக்குவார். இரும்புக் கட்டு தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்காது.

தரையில் அவர் ரொம்பச் சாதாரண மனிதர். வங்கிக்குப் போனால் எந்த வரிசை என்று கேட்கக் கூச்சப்பட்டு, தப்பான வரிசையில் கடைசிவரை நின்றுவிட்டு வருவார். வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல மனைவியைத்தான் அனுப்புவார். அந்த மனிதரே மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் இடம் முழுக்க அவர் கைக்குள். அந்தக் கூண்டு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் அவர் தரையில் நடமாடிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அவருக்கு வாய்த்தவள் ஊரறிந்த தூங்குமூஞ்சி. பட்டம் கொடுத்தவர் கொக்கேதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் கைக்கு வருவதற்குள் அவளுக்குத் தலை சாயும். குடும்பத்துக் கல்யாணப் படங்களில் பாதிக்கு மேல் அவள் கண் மூடித்தான் இருக்கும். ஒருமுறை பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால் திறந்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வேலை பார்ப்பது குழந்தைகள் காப்பகத்தில். மத்தியானம் பிள்ளைகளைப் பாய் விரித்துத் தூங்க வைப்பதுதான் அவள் பொறுப்பு. முதலில் தூங்குவது அவள்தான் என்று பிள்ளைகளே வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, காப்பகத்துக்காரம்மாவுக்கு இவள்மேல் பிரியம். "அவ தூங்கினாத்தான் பசங்களும் தூங்குதுங்க" என்று விட்டுவிட்டார்.

மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன வருஷத்திலிருந்து இந்தத் தூக்கம் முற்றிவிட்டது. வயசாகிறது என்று கொக்கு நினைத்தார். "உன் தூக்கத்துல பாதிய எனக்குக் குடு, நான் ராஜா மாதிரி இருப்பேன்" என்று கேலி செய்வார். அவள் சிரித்துவிட்டுக் கொட்டாவி விடுவாள்.

கேலிக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. கொக்குக்கு இரவு படுத்தால் விடியும்வரை நினைவே கிடையாது. ஆனாலும் காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். தலை கனக்கும், வாய் வறளும். மேலே கூண்டில் உட்கார்ந்து வெயில் ஏற ஏற, கண்ணுக்குள் யாரோ மணலைப் போட்ட மாதிரி ஆகும். துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொள்வார். ஒருநாள் கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணசைப்பு நேரம் கண் செருகி அவர் இல்லாமல் போய்விட்டார். "மாமா! மாமா!" என்று வாக்கி டாக்கி அலறிய பிறகுதான் வந்தார். கட்டு பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "காத்துடா" என்றார். மச்சினன் நம்பினான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூண்டு போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி வளையல் போட்டது.

வளையல் என்றது தொழிலாளிகள். கம்பெனி அதற்கு வேறு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தது. மணிக்கட்டில் கட்டுகிற ரப்பர் பட்டை. உள்பக்கம் ஒரு பச்சை வெளிச்சம் மினுக்கும். கிரேன், லாரி, லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் இரவு படுக்க வேண்டும். எவ்வளவு நேரம் தூங்கினார்கள், எவ்வளவு ஆழம், எத்தனை தடவை விழித்தார்கள் என்று பார்த்து அது நூற்றுக்கு மார்க்கு போடும். காலையில் கேட்டில் கையை நீட்டினால் அறுபதுக்கு மேல் பச்சை விளக்கு, கீழே சிவப்பு. சிவப்பு வந்தால் அன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது. அடிக்கடி சிவப்பு வந்தால் வேறு ஆள். மனிதன் விழித்திருக்கும்போது வாங்குகிற திட்டு போதாதென்று தூங்கும்போதும் பரீட்சை வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விளக்கியது சேஃப்டி மேடம். சின்ன வயசு இன்ஜினியர், பேச்சில் மரியாதை உண்டு. "இது உங்க நல்லதுக்குத்தான் சார்" என்றார். நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னாலே நம் ஆட்களுக்குப் புத்தி குறுக்கு வழியில் போகும். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் சீட்டாடிவிட்டு வரும் நாளில் வளையலைத் தன் கைக்குழந்தை காலில் கட்டிவிட்டார். தூக்கம் பிரமாதம், ஆனால் குழந்தையின் வேகமான நாடித் துடிப்பைப் பார்த்த மேடம், "சார், ராத்திரி முழுக்க ஓடிட்டே தூங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதோடு அவர் சீட்டாட்டத்தை நிறுத்தினார். அந்த அளவில் வளையலால் ஒரு குடும்பத்துக்கு லாபம்தான்.

கொக்கு ஏமாற்ற நினைக்கவில்லை. குடிக்க மாட்டார், சீக்கிரம் படுப்பார், படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார். அவருக்கு எதற்குப் பயம்? முதல் நாள் கையை நீட்டினார். சிவப்பு. நாற்பத்திரண்டு. மறுநாளும் சிவப்பு. "இது ஓட்டை சாமான் மேடம்" என்றார். மேடம் புது வளையல் கொடுத்தார். அதுவும் சிவப்பே காட்டியது. வாரக் கடைசியில் வேறொரு ஆபரேட்டரை வரவழைத்துக் கூண்டில் ஏற்றினார்கள். கொக்கு கீழே நின்று, சுமை ஏறும்போது பச்சைக் கொடி ஆட்டினார்.

தன் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஆள் சுமையை வெடுக்கென்று தூக்கினான், தொப்பென்று போட்டான். ஒவ்வொரு தொப்புக்கும் கொக்கின் கை இல்லாத கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. அந்தக் கட்டடத்தின் முதல் தூணுக்குக் கம்பி இறக்கியதிலிருந்து எல்லாம் அவர் கை. இன்னும் கொஞ்ச நாளில் உச்சித் தளத்துக்குக் கடைசி உத்தரத்தை ஏற்ற வேண்டும். அதையும் தன் கையால் வைத்துவிட்டால் போதும் என்று அவருக்கு ஒரு ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் வேறு ஆசையும் இல்லை.

"மாமா, நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க" என்றான் மச்சினன், சாப்பாட்டு நேரத்தில். "இன்னைக்கு ராத்திரி அத அக்கா கையில கட்டிவிடுங்க. அவ தூக்கத்துக்கு நூத்துக்கு நூத்தியம்பது வரும். நாடியெல்லாம் பெரியவங்களுக்கு ஒண்ணுதான், மேடத்துக்குத் தெரியாது."

கொக்கு திட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனார். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ செல்வத்தை வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் இருப்பது தூக்கம். அதை எடுத்துச் செலவு செய்தால் என்ன தப்பு?

"எனக்கெதுக்குங்க இது? கை அரிக்கும்" என்றாள் அவள்.

"ஒரே ஒரு ராத்திரி. நீ பாட்டுக்குத் தூங்கு. அதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே."

"வேற யாருக்காவது கட்டுங்களேன். தம்பிக்குக் கட்டுங்க."

"அவன் ராத்திரி முழுக்க போனை நோண்டுவான். ஏம்மா, ஒரு பச்சை வெளக்கு எரியட்டும்மா. மேல ஏறி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் வலது கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தக் கையை இழுத்துக்கொண்டு இடது கையைக் கொடுத்தாள்.

காலையில் அவர் வளையலைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டு, ஏறுவதற்கென்றே வைத்திருக்கும் நல்ல ஷூவைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனார். நீட்டினார். சிவப்பு. மேடம் டேப்லெட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"இருபத்தொன்பது. என்ன சார் இது? ராத்திரி கிட்டத்தட்ட தூங்கவே இல்லைன்னு காட்டுது. உடம்புக்கு என்ன பண்ணுது?"

கொக்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. தூங்குமூஞ்சிக்கு இருபத்தொன்பதா? தனக்கு நாற்பத்திரண்டு போட்ட அதே ஓட்டை சாமான், இப்போது அதைவிடக் கேவலமாக உளறுகிறது என்று நினைத்தார். சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. நேற்று அவள் கையை இழுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஏதோ வியாதி, என்னிடம் மறைக்கிறாள் என்று தோன்றியது. தோன்றிய பிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. எப்படியோ மத்தியானம் வரை கொடி ஆட்டிவிட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனார்.

பிள்ளைகள் தூங்குகிற நேரம். திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. வரிசையாகப் பாய்கள். நடுவில் சுவரில் சாய்ந்தபடி, ஒரு கையில் ஒரு பிள்ளையின் முதுகைத் தட்டியபடி, தட்டுகிற கை பாதியில் நின்றுபோய், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளில் ஒன்று தன் போர்வையில் பாதியை அவள் காலில் போட்டிருந்தது. வாசல்பக்கம் விழித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் கொக்கைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். "ஆன்ட்டி தூங்கறாங்க. சத்தம் போடாதீங்க" என்றாள் கண்டிப்பாக.

அவர் செருப்பு விடும் இடத்திலேயே நின்று பார்த்தார். எத்தனையோ தடவை கேலி செய்த தூக்கம்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. தூங்கும்போதும் புருவம் சுருங்கியே இருந்தது. இது நிறையத் தூங்குகிறவள் முகம் இல்லை, தூக்கத்துக்கு ஏங்குகிறவள் முகம். இந்த வித்தியாசம் தெரிய அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் கண் திறந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்து வந்தாள். "என்னங்க, என்னாச்சு? விழுந்துட்டீங்களா?"

அடுத்த அறையில் உட்கார இருந்ததெல்லாம் பிள்ளைகளின் நாற்காலிகள். இரண்டு பேரும் முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்தார்கள். சுவர் மெல்லிசு, அந்தப் பக்கம் பிள்ளைகள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் போட்ட பெரிய சண்டை அதுதான். முழுக்க முழுக்கக் குசுகுசுவென்றே நடந்தது.

"உனக்கு உடம்புக்கு என்ன? எங்கிட்ட ஏன் மறைக்கற?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இருபத்தொம்போது வந்திருக்கு. நீ தூங்கவே இல்லைன்னு சொல்றாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அசையாம படுத்தா தூக்கம்னு நெனச்சுக்கும்னு பாத்தேன். வலது கைதான் ஆடும்னு இடது கையில கட்டிக்கிட்டேன். பாழாப்போனது கண்டுபிடிச்சிடுச்சு."

"வலது கை ஏன் ஆடுது?"

"உங்கள இடிக்கறதுக்கு."

அவருக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இன்னும் தாழ்ந்துகொண்டே போனது.

"நீங்க கொறட்டை விடுவீங்க. அது பரவாயில்ல. திடீர்னு நின்னுடும். மூச்சும் நின்னுடும். நான் காத்திருப்பேன், வரும் வரும்னு. வராது. அப்ப விலாவுல ஒரு இடி இடிப்பேன். ஹக்குனு இழுத்துக்கிட்டு மறுபடியும் ஆரம்பிப்பீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் நிக்கும். எங்கப்பா எப்படிப் போனார்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தூக்கத்துல."

"எங்கம்மா பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. விடிஞ்சு காபி போட்டு எடுத்துட்டு வந்து எழுப்பறாங்க. அப்பதான் தெரியுது. அம்மாவுக்கு அவ்வளவு நல்ல தூக்கம்ங்க. அந்த ஒரு வார்த்தையச் சொல்லிச் சொல்லியே அழுதாங்க, கடைசிவரைக்கும். எனக்குத் தூக்கமே வேண்டாம்னு ஆயிடுச்சு."

கொக்கு தன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பைத்தியக்காரி."

"சொன்னா நீங்க டாக்டர்கிட்ட போகணும். டாக்டர் சொன்னா கம்பெனிக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிஞ்சா மேல ஏற விடுவாங்களா? அத விட்டா உங்களுக்கு என்ன இருக்கு?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ராத்திரிய நான் பாத்துக்கிட்டேன். பகல நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவரும் சொன்னார். கம்பிக் கட்டு ஆடியதை, தான் ஒரு கணம் கண் செருகிப் போனதை, காற்று என்று பொய் சொன்னதை, கட்டுக்குக் கீழே நின்றது அவள் தம்பி என்பதை. அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் நாற்காலியிலிருந்து எட்டி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். பலமான அடிதான். அதற்குப் பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கொக்கு மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வளையலை யார் கையில் கட்டினார் என்பது உட்பட. மேடம் டேப்லெட்டைக் கீழே வைத்தார். "ரூல்படி நான் உங்கள வீட்டுக்கு அனுப்பணும் சார்" என்றார். பிறகு, "டாக்டர்கிட்ட போங்க. அவர் எழுதிக் குடுத்தா ஏறலாம். அது வரைக்கும் கீழதான்" என்றார். கொக்குக்கு அந்த நிமிஷம் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கூச்சத்தில் தொப்பியைத்தான் சரி செய்துகொண்டார்.

டாக்டர் முதலில் ஒரு டேப்பை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றி அளந்தார். "இவர கொக்குன்னு கூப்பிடுவாங்க டாக்டர்" என்றாள் அவள். "எதுக்கு?" என்று கேட்டார் டாக்டர், நிஜமாகவே புரியாமல். கழுத்துச் சதை உள்பக்கமாக அழுத்தித் தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது, மூளை அரைகுறையாக விழித்து விழித்து மூச்சை இழுக்கிறது, அதனால்தான் தூங்கியும் தூங்காத உடம்பு என்று விளக்கினார். மீதிக் கேள்விகளை அவரிடம் கேட்கவே இல்லை, அவளிடம்தான் கேட்டார். எப்போது நிற்கும், எவ்வளவு நேரம், மல்லாந்து படுத்தால் அதிகமா, ஒருக்களித்தால் குறையுமா. அவள் எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள்.

கொக்கு வளையலைக் காட்டி, அதை ஒரு ராத்திரி அவள் கட்டிக்கொண்டு படுத்த கதையையும் சொல்லிவிட்டு, "இத நம்பலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

"இத வெச்சு நான் வைத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். "ஒயரெல்லாம் மாட்டி ஒரு ராத்திரி இங்க படுக்கணும், அதுதான் டெஸ்ட். இந்தப் பட்டையெல்லாம் சும்மா படுத்துக் கெடந்தாலே தூக்கம்னு எழுதிக்கும். சில பேர் இதோட மார்க்கப் பாத்துப் பாத்தே தூக்கம் கெட்டு எங்கிட்ட வராங்க." சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "சும்மா படுத்தா ஏமாந்து போற சாமானையே ஏமாத்த முடியலைன்னா, நீங்க எவ்வளவு முழிச்சிருந்திருக்கணும்மா? நீங்க எப்பதான் தூங்குவீங்க?"

அவ்வளவு கேள்விக்கும் பதில் சொன்னவள் இதற்கு மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கொக்கு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அது என்ன படம் என்று பிறகு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

டெஸ்ட் முடிந்து, கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு மெஷின் வந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்குக்கு ஒரு மாஸ்க். காற்றை மெல்ல உள்ளே தள்ளி அடைப்பைத் திறந்து வைத்திருக்கும். முதல் நாள் மாட்டிக்கொண்டு அவர் திரும்பிப் பார்த்ததும் அவள் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். வீடியோவில் பார்த்த மகள், "அப்பா, தும்பிக்கைய ஆட்டுங்க" என்றாள். அவர் ஆட்டினார். ஒரு வாரம் மூக்கு உறுத்தியது, தொண்டை காய்ந்தது. பிறகு ஒருநாள் எழுந்தபோது தலை கனக்கவில்லை. ஜன்னல் கம்பி, எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணி, எல்லாம் கழுவி வைத்த மாதிரி தெரிந்தது. காலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வளையலும் மெதுவாக ஏறிப் பச்சைக்கு வந்தது.

அவருக்குச் சரியாகிவிட்டது. அவளுக்குத்தான் ஆகவில்லை. முன்பு குறட்டை நின்றால் விழிப்பாள். இப்போது குறட்டையே இல்லை, அதனால் விழித்துக்கொண்டே இருந்தாள். "சத்தமே வரல. எப்படிங்க எனக்குத் தெரியும்?" என்பாள். மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றால், "கரண்ட் போனா?" என்பாள். கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி வாங்கி வைத்தார். "பேட்டரி தீந்தா?" என்றாள். பயத்துக்கு எங்கே போய்ப் பேட்டரி வாங்குவது? அவர் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு படுப்பாள். அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் தலை சாய்வதும் காப்பகத்தில் தூங்குவதும் அப்படியே நடந்தது. கொக்கு மட்டும் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். விட்ட பிறகு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாம்மா, இந்தாம்மா" என்று திணறினார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேடம் நாள் குறித்தார். உச்சித் தளத்துக்குக் கடைசி உத்தரம் ஏறுகிற நாளும் அதுவாகவே அமைந்தது, அல்லது மேடம் அப்படி அமைத்தார். மச்சினன் இடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான். முந்தின நாள் சாயங்காலம் கொக்கு ஷூவைத் துடைத்து வைத்தார், சீக்கிரம் சாப்பிட்டார், சீக்கிரம் படுத்தார். மனசு முழுக்கச் சந்தோஷம்.

மறுநாள் காலையில் கேட்டில் சின்னக் கூட்டம். எல்லோரும் சிரித்த முகமாக வழிவிட்டார்கள். கொக்கு கையை நீட்டினார். விளக்கு சிவப்பாக எரிந்தது.

மேடத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "இன்னைக்குன்னு பாத்து ஏன் சார்? மெஷின் கோளாறா? மறுபடியும் மூச்சு நின்னுதா?"

"இல்ல மேடம். நான் தூங்கல."

"ஏன்?"

அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். கூட்டத்தின் முன்னால் வீட்டுக் கதை பேசுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது, அடக்க முடியவில்லை.

"படுத்து ஒரு தூக்கம் போட்டிருப்பேன். நெஞ்சு மேல கை இல்லாத மாதிரி இருந்துச்சு. முழிச்சுப் பாத்தேன். வீட்டுக்காரி தூங்கறா மேடம். கை அது பாட்டுக்குக் கீழ விழுந்து கெடக்கு. வாயத் தொறந்து, நல்லா கொறட்டை விட்டு. அவ இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அவ தல என் கை மேல இருந்துச்சு. கை மரத்துப்போச்சு. எடுத்தா முழிச்சுக்குவா. நான் தூங்கிப் புரண்டாலும் முழிச்சுக்குவா. அதான், விடியற வரைக்கும் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். கெளம்பறப்ப கைக்குப் பதிலா தலையணைய மெல்லத் தள்ளி வச்சுட்டு வந்தேன்."

உச்சியில் அவர் நாற்காலியில் வேறு ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தான். உத்தரம் கீழே சங்கிலி மாட்டித் தயாராகக் கிடந்தது. கொக்கு அதை ஒருதரம் தடவிப் பார்த்தார். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பிறகு பச்சைக் கொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மச்சினன் கையில் போனோடு ஓடி வந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. "மாமா, நீங்க ஏறலைன்னு சொல்ல அக்காவுக்கு அடிச்சிட்டே இருக்கேன். எடுக்கவே மாட்டேங்கறா. என்னாச்சு அவளுக்கு?"

கொக்கு அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்தார்.

"அடிக்காதடா" என்றார். "தூங்கறா."